ஒரு வருடமாகக் கொடுக்காத கலியாண வீடியோ

1

மகளின் கலியாணம் முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. கலியாண வீடியோ சென்ற ஞாயிற்றுக்கிழமை வரை என் கணினிக்குள்ளேயே கிடந்தது. முப்பது வருடமாக ஜெர்மனியில் தமிழர் வீட்டுக் கலியாணங்களைப் படம் பிடிக்கிறேன். எந்த வீட்டுக்காரரையும் மூன்று மாதத்துக்கு மேல் காக்க வைத்தது கிடையாது. பெற்ற மகளைத்தான் காக்க வைத்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் கேட்பாள். முதலில் ஹார்ட் டிஸ்க் பழுது என்றேன். பிறகு கணினி பழுது என்றேன். அதற்குப் பிறகு என் முதுகு பழுது என்றேன். "எல்லாம் பழுதெண்டால் நீ அங்க என்னத்தை வச்சுச் சீவிக்கிறாய்?" என்று அவள் கேட்டபோது என் கையில் வேறு பொய் மிச்சமிருக்கவில்லை. ஊரிலிருக்கும் உங்களில் பலரும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். எனக்குப் பெருமை தரக்கூடிய சங்கதி இதில் ஒன்றும் இல்லை.

2

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஹம் என்ற நகரில் இருக்கிறேன். கிழமை நாட்களில் கம்பித் தொழிற்சாலையில் வேலை, சனி ஞாயிறில் கமரா. இரண்டிலும் நின்று நின்றே முழங்கால் தேய்ந்துவிட்டது.

முன்பெல்லாம் கலியாணம் என்றால் மண்டபம். வெளியே பனி கொட்டும், உள்ளே பிளாஸ்டிக் வாழைமரம் குலை தள்ளி நிற்கும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது மண்டபம் பிடிப்பதில்லை. மத்தியதரைக் கடல் வேண்டுமாம். இத்தாலியில் ஒரு சின்னக் கரையோரப் பட்டினம் அவர்களுக்குள் பிரபலமாகிவிட்டது. மகளின் கலியாணத்துக்கு முன்பே நான்கு கலியாணங்களுக்கு அங்கே போய்ப் படம் எடுத்திருக்கிறேன். பட்டினத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த கோடையில் இன்னும் பத்துக் குடும்பம் அங்கே கிளம்பும், என் முழங்கால் தாங்காது.

கடற்கரையில் படம் எடுப்பது வேறு வித்தை. நண்பகல் வெயிலில் மாப்பிள்ளையின் தலைப்பாகை நிழல் விழுந்து கண் இரண்டும் குழியாகத் தெரியும். பெண்ணின் முகத்துக்கு வெளிச்சத்தைச் சரி பண்ணினால் பின்னால் கடல் வெளுத்துப்போகும், கடலைச் சரி பண்ணினால் முகம் கறுத்துப்போகும். உப்புக் காற்று லென்சில் பூசணம் மாதிரிப் படியும். ஐயர் அக்கினியில் போட வைத்திருந்த பொரியை ஒருமுறை கடற்பறவை வந்து கொத்திக்கொண்டு போனது. ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை, பறவையை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

கந்தோர் அலுவல் இன்னொரு கூத்து. திறந்த வெளியில் நெருப்பு மூட்ட நகரசபையில் அனுமதி எடுக்க வேண்டும். அவர்களிடம் ஓமத்துக்கென்று தனிப் படிவம் இல்லை, மீன் சுடுவதற்குரிய படிவம்தான் இருந்தது. என்ன சுடப்போகிறீர்கள் என்ற கட்டத்தில் 'நெய், பொரி, சமித்து' என்று எழுதிக் கொடுத்தோம். கந்தோரில் இருந்த அம்மா வாசித்துவிட்டு, மீன் இல்லையா என்று கவலையோடு கேட்டார். இல்லை என்றதும் முத்திரை குத்தித் தந்தார்.

இவ்வளவு சிரமத்திலும் நான் ஒரு சடங்கைக்கூடத் தவறவிட்டதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் ஜெர்மனிக்கு வந்து இரண்டாவது வருடம் ஊரில் அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. என் அகதி விண்ணப்பம் முடியாத காலம். பக்கத்து நகரத்துக்குப் போவதற்கே அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டும், ஊருக்கு எப்படிப் போவது? ஐந்தாறு மாதம் கழித்து யாரோ கொழும்பு வழியாக வந்தவரிடம் அப்பா வீடியோ கசெட் கொடுத்துவிட்டிருந்தார். முகாமில் பதினொரு பேர் சுற்றியிருந்து பார்த்தோம். அப்பா அக்காவின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தாரை வார்க்கும் இடம் அதில் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கமராக்காரர் பற்றரி மாற்றியிருக்கிறார். ஐயர் அப்பாவைக் கூப்பிடுவார், அடுத்த காட்சியில் அக்கா கூறைச் சேலையோடு நிற்பாள். கசெட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தேன், அப்பாவின் கை வரவேயில்லை. அப்பாவை நான் பிறகு காணவும் இல்லை. அவர் போனபோதும் எனக்கு அனுமதிக் கடிதம் கிடைக்கவில்லை.

அதன் பிறகுதான் கமரா வாங்கினேன். வர முடியாமல் போனவர்களுடைய கண் நான் என்று எனக்கு நானே ஒரு பதவி கொடுத்துக்கொண்டேன்.

3

மகளின் பெயர் ஆரணி. பீலெஃபெல்டில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை செய்கிறாள். எங்கள் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆனாலும் தூரம்தான்.

அவள் வளர்ந்த சனிக்கிழமைகளில் நான் யாரோ ஒருவருடைய மகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நின்ற நாட்களில் அவளைப் படம் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள், இந்த நாட்டு வழக்கப்படி ஒரு பெரிய காகிதக் கூம்பு நிறைய இனிப்போடு, என்னைப் பார்த்து அழுதுகொண்டு நிற்கிறாள். அருமையான படம். நான் கமராவை இறக்கிவைத்து அவளைத் தூக்கியிருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. எங்கள் வீட்டு வீடியோக்களில் அப்பா என்பவர் ஒரு குரல் மட்டும்.

இன்னொரு குற்றமும் என்னுடையது. சின்ன வயதில் அவள் ஜெர்மனில் யோசித்து அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பேசுவாள். ஜெர்மனில் கேள்வியைக் கேட்பதில்லை, வைப்பார்கள். அதனால், "அப்பா, உங்களுக்கு ஒரு கேள்வி வைக்கலாமோ?" என்பாள். நான் அதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். "வை பிள்ளை, மேசையில வை, பிறகு எடுக்கிறன்" என்று அவர்கள் முன்னாலேயே அவளைப் பகிடி பண்ணியிருக்கிறேன். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அவள் என்னோடு தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டாள். தாயோடு தமிழ், என்னோடு ஜெர்மன். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். இரண்டு கரையில் நின்று பேசுகிற மாதிரி இருபது வருடம் போய்விட்டது.

யோனாஸ் என்ற ஜெர்மன் பெடியனைக் கட்டப்போகிறேன் என்று சொன்னதும் ஜெர்மனில்தான். எனக்கு மறுப்பில்லை. நல்ல பிள்ளை, என் மனைவியின் நண்டுக் குழம்பைக் கண்ணீரோடு சாப்பிட்டு முடிப்பான். பதிவுத் திருமணம் பீலெஃபெல்டில், தாலி கட்டு அதே இத்தாலிப் பட்டினத்தில் என்று முடிவாயிற்று. பிறகு ஆரணி தனியாக ஹம்முக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து ஒரேயொரு நிபந்தனை வைத்தாள். அன்றைக்கு என் கையில் கமரா இருக்கக் கூடாது. அன்றைக்கு நான் வீடியோக்காரன் இல்லை, அப்பா மட்டும்.

நான் சம்மதித்தேன். கையைப் பற்றித்தான் வாக்குக் கொடுத்தேன், வாயைப் பற்றி அவள் கேட்கவில்லை.

4

படம் எடுக்க அந்த ஊர் ஆளான மார்க்கோவை ஒழுங்கு பண்ணினேன். வெள்ளைக்காரச் சோடிகள் கடற்கரையில் நடந்து போவதை உருக உருக எடுப்பவர். ஆனால் எங்கள் கலியாணத்தில் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? சடங்குகளை வரிசையாக எழுதி, கைபேசியில் இத்தாலிய மொழிக்கு மாற்றி அனுப்பினேன். மூன்று தரம் வீடியோ அழைப்பில் பாடம் நடத்தினேன். தாரை வார்ப்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். அங்கே கைகள்தான் வேண்டும், கைகளை விடாதே என்றேன். கைகளுக்கு இத்தாலியச் சொல் என்ன என்று அவரிடமே கேட்டுப் பாடமாக்கினேன். 'மானி' என்றார்.

கலியாணம் ஒரு பழைய விடுதியின் மேல்தளத்தில் நடந்தது. மூன்று பக்கமும் துணித் திரை, நாலாவது பக்கம் கடல். யோனாஸ் வேட்டி அவிழாமலிருக்க இடுப்பில் பட்டி கட்டி, சட்டைக்குள் சின்ன ஒலிவாங்கி மாட்டி உட்கார்ந்திருந்தான். எனக்கும் பட்டு வேட்டி, சால்வை. கை வெறுமையாக இருந்தது. அந்தக் கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. மூன்று தலைமுறைப் பெயரையும் ஐயர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். ஆரணியின் வலது கையைப் பிடித்து யோனாஸின் கையில் வைத்தேன். மனைவி செம்பைச் சரித்தாள். அப்போது நிமிர்ந்து பார்த்தேன். மார்க்கோ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கடலில் ஒரு வெள்ளைப் பாய்க்கப்பல் போனது, அதை எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அக்காவின் கசெட்தான் கண்ணில் வந்தது. என்னை மறந்து, "மார்க்கோ! மானி, மானி!" என்று கத்தினேன்.

உதவி ஐயருக்கு அது 'மணி' என்று கேட்டிருக்கிறது. பெண்ணின் தகப்பன் கேட்கிறார், ஏதோ தான் மறந்துவிட்டேன் என்று பதறி, பக்கத்திலிருந்த கைமணியை எடுத்து விடாமல் அடித்தார். பெரிய ஐயர் மந்திரத்தோடு அவரை முறைத்தார். நான் இன்னும் பலமாக "மானி" என்றேன், அவர் இன்னும் பலமாக அடித்தார். இருந்த அறுபது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மார்க்கோ திரும்பி ஓடிவந்து குனிந்தார். நான் லென்சைப் பார்த்து, இன்னும் கிட்ட, இன்னும் கீழே என்று தலையாலும் கண்ணாலும் காட்டினேன். தண்ணீர் விழுந்து முடியும் வரை அவர் எடுத்தார். படம் தப்பிவிட்டது என்று எனக்குப் பரம திருப்தி. ஆரணி எழுந்து கூறை மாற்றப் போனாள்.

மணியடித்த கதை பிறகு எங்கள் சனங்களிடையே ஊரூராகப் போனது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

5

படங்களை வெட்டி ஒட்டும் வேலையை மட்டும் நானே செய்வேன் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து மார்க்கோ எல்லாவற்றையும் தபாலில் அனுப்பினார். யோனாஸின் ஒலிவாங்கியில் பதிந்த சத்தம் தனியாக வந்திருந்தது. அதைப் படத்தோடு பொருத்த வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை, மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு தாரை வார்க்கும் இடத்துக்கு வந்தேன்.

மணி கேட்டது, சிரிப்புக் கேட்டது, என் கூச்சல் கேட்டது. அவற்றுக்கு அடியில், மிகக் கிட்டத்தில், "அப்பா" என்று ஒரு குரல். கொஞ்சம் பொறுத்து மறுபடி "அப்பா". பிறகு ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, ஆரணி தமிழில் சொன்னாள்:

"நீங்கள் எனக்கு இல்லாமல் போவீங்கள்."

படத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடி அதைச் சொல்கிறாள். நான் லென்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொல்லி முடித்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறாள்.

இருபது வருடத்துக்குப் பிறகு என் மகள் என்னோடு பேசிய முதல் தமிழ் வசனம் அது. அதுவும் மணவறையில் இருந்துகொண்டு. வாக்கை மீறி அன்றைக்கும் கமராவுக்குப் பின்னால் போனவனுக்கு அவள் கொடுத்த தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன். இப்படியே இருந்தால் எனக்கு அப்பா என்று ஒருவர் இருக்கமாட்டார் என்கிறாள். கோபத்தில் கத்திச் சொல்லியிருந்தால் ஆறியிருக்கும். அவள் அமைதியாக, யோசித்து வைத்தது போலச் சொன்னாள்.

யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. அந்த இடத்தை வெட்டிவிட்டேன். எந்தப் பாய்க்கப்பலுக்காக மார்க்கோவைப் பார்த்துக் கத்தினேனோ, அதே பாய்க்கப்பலைக் கொண்டுவந்து அங்கே ஒட்டி, மேலே நாதஸ்வரத்தைப் போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் எடுப்பேன், கேட்பேன், மூடிவைப்பேன்.

அதோடு மகளிடம் போவதையும் குறைத்தேன். அவள் தொலைபேசி எடுத்தால் கொஞ்சம் பேசிவிட்டுத் தாயிடம் கொடுத்துவிடுவேன். அப்பாவுக்கு என்னோடு கோபமா என்று அவள் தாயிடம் கேட்டிருக்கிறாள். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி என்று இவள் சொல்லியிருக்கிறாள். இல்லாமல் போவீர்கள் என்று சொன்னவளுக்கு முன்னால் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை.

6

சென்ற ஞாயிறு அவர்களுடைய முதலாவது கலியாண நாள். மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். வீடியோவையும் கணினியோடு கொண்டு போனேன். மேசையில் கேக், தொலைக்காட்சிக்கு முன்னால் நாங்கள் நால்வர். யோனாஸ் தன் வேட்டியைக் கண்டு தானே சிரித்தான். ஐயர் மூன்று தலைமுறைப் பெயரைச் சொன்னார். பாய்க்கப்பல் வந்தது. நாதஸ்வரம் வந்தது. பிறகு ஆரணி கூறையோடு வந்தாள்.

ஆரணி படத்தை நிறுத்தினாள். என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்:

"அப்பா, அதில நான் உங்களுக்கு ஒண்டு சொன்னனான். அது எங்க?"

காற்றுச் சத்தம், ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை என்றேன். ஒலிவாங்கி தன் நெஞ்சிலல்லவா இருந்தது, கேட்காமல் எப்படி என்று யோனாஸ் ஜெர்மனில் கேட்டான். அவனுக்கு முன்னால் பொய் சொல்ல வெட்கமாக இருந்தது.

"கேட்டது பிள்ளை," என்றேன். "கேட்டபடியால்தான் வெட்டினனான். நான் பிழை விட்டனான்தான். ஆனால் நீ என்னை அப்பிடி விலக்கினதை ஊர் பார்க்க வேண்டாம் எண்டு நினைச்சன்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனைவிக்கும் விளங்கவில்லை. என் கணினியில் இருந்த வெட்டாத படத்தைத் தொலைக்காட்சியில் போட்டேன். மணி, சிரிப்பு, பிறகு அந்தக் குரல். கேட்டவுடன் மனைவி நெஞ்சில் கை வைத்துவிட்டாள். கலியாணத்தன்று தகப்பனைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா இது என்று மகளைக் கேட்டாள்.

"ஏன், என்ன பிழை?" ஆரணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஜெர்மனில் சொன்னாள்: "டு விர்ஸ்ட் மியர் ஃபேலன்."

அந்த வசனம் எனக்கு நன்றாகத் தெரியும். தொழிற்சாலையில் யாராவது வேலையை விட்டுப் போனால் அட்டையில் எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் என் மனம் ஏங்கும் என்று அர்த்தம். ஆனால் சொல்லுக்குச் சொல் எடுத்தால், நீங்கள் எனக்கு இல்லாமல் போவீர்கள். தாயிடம் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும் என்று, கைபேசியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து அவளே கோத்திருக்கிறாள். மூன்று கிழமை, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பாடமாக்கியிருக்கிறாள். யோனாஸ் அதை எத்தனை தரம் கேட்டிருப்பானோ, தன் தடித்த உச்சரிப்பில் ஒரு எழுத்தும் பிசகாமல் அவனே ஒப்புவித்தான்.

சின்னப்பிள்ளை கேள்வி வைத்தபோது அது ஜெர்மன் என்று எனக்கு உடனே தெரிந்தது, சிரிக்கத் தெரிந்தது. இதைப் பத்து மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன், தெரியவில்லை. என் மனதில் குற்றம் இருந்ததால் அதற்குப் பொருத்தமான அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டேன். கைபேசியை எடுத்து ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. ஒரு வருடம் வீணாகப் போனது, அதை எந்த இடத்திலும் ஒட்ட முடியாது. அவர்கள் மூவருக்கும் முன்னால் எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

ஆரணி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்ப தமிழில என்னெண்டு சொல்லோணும், அப்பா?" என்றாள். திருத்தும்படி அவளாக என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

நானும் மனைவியும் யோசித்தோம். ஞாபகம் வரும் என்றால் போதாது. கவலையாக இருக்கும் என்றாலும் சரியில்லை. கடைசியில் சொன்னேன்:

"தேடும் எண்டு சொல்லுறது பிள்ளை. தாயைக் காணாமல் குழந்தை அழுதால், பிள்ளை தாயைத் தேடுது எண்டுவினம். எனக்கு உங்களைத் தேடும் எண்டு சொல்லோணும்."

"தேடுறதெண்டால் ஜெர்மனில சூஹன் தானே?"

"ஓம்."

அவள் தொலைக்காட்சியைப் பார்த்தாள். படம் அந்த இடத்திலேயே நின்றிருந்தது.

"அதைத்தானே அப்பா நான் அண்டைக்குச் செய்தனான்," என்றாள்.

திரையில் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.